உபதேசியார் கோட்டு

உவரி
18 மார்ச் 2025

யூனிஸுக்கு,

என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதால், பல வருஷத்துக்குப் பிறகு தபால் ஆபீசில் போய் நின்று கவர் வாங்கினேன். கவுண்டரில் இருந்த பெண் யாருக்கு என்று கேட்டாள். பாளையங்கோட்டையில் இருக்கும் தங்கச்சிக்கு என்றேன். பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாமே, எதற்குக் கடிதம் என்றாள். போகலாம்தான். ஆனால் போன தடவை நான் வந்தபோது, நீ கேட்டைத் திறக்காமல் ஜன்னலுக்கு உள்ளே இருந்துகொண்டு, "அவங்க ஊர்ல இல்ல" என்று உன் சொந்தக் குரலிலேயே சொன்னாய். அதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

விஷயத்துக்கு வருகிறேன். சித்தப்பா மகன் எபி போன் பண்ணினான். நம் ஊர்க் கோயிலுக்கு அப்பா நினைவாகப் புதுப் பிரசங்க பீடம் செய்து கொடுக்கிறாயாம். மே 25, ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் அசனத்தன்று பிரதிஷ்டையாம். நல்ல காரியம். ஆனால் அதில் பதிக்கிற கல்லில் "உபதேசியார் ஜோஷுவா நினைவாக, அன்பு மகள் யூனிஸ்" என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறாய் என்றும் சொன்னான்.

அதைப் படிக்கிறவன் அப்பாவுக்கு ஒரே பிள்ளை என்றுதான் நினைப்பான். நான் என்ன, தாமிரபரணி வெள்ளத்தில் வந்து ஒதுங்கினவனா?

ஊரில் இருந்த வீட்டை நான் கேட்டதில்லை. அம்மாவின் பாத்திரம் பண்டத்தைக் கேட்டதில்லை. இது ஒன்றுதான் கேட்கிறேன். உன் பெயருக்குக் கீழே, எவ்வளவு சின்ன எழுத்தானாலும் சரி, அந்தக் கல்லில் என் பெயர் வேண்டும். எனக்கு அறுபத்தாறு ஆகிறது. நான் பிறந்து ஞானஸ்நானம் பெற்ற கோயிலில் என் பெயர் ஒரு மூலையிலாவது இருக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. ஆசை என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டேன், நீ சிரித்துக்கொள்.

ஜெபஸ்டின்


பாளையங்கோட்டை
24 மார்ச் 2025

திரு. ஜெபஸ்டின் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எபிக்கு வாய் நீளம் என்று தெரிந்தும் அவனிடம் சொன்னது என் தவறு.

உங்கள் பெயர் ஏன் இல்லை என்று தெரியாதவர் போல எழுதியிருக்கிறீர்கள். மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். நான் முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளுக்கு மறந்துபோன பாடத்தைத் திருப்பிச் சொல்லிக் கொடுத்தவள்தான்.

1984-ல் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் 'ரெட்டைத் தாசில்தார்' என்ற சிரிப்புப் படம் எடுக்க வந்தார்கள். நீங்கள் வேலை வெட்டி இல்லாமல் அந்தக் கூட்டத்துக்கு வண்டி பிடித்துக் கொடுத்துக்கொண்டு திரிந்தீர்கள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அப்பா ஆராதனைக்குப் போட்டுக்கொண்டு போகும் கறுப்புக் கோட்டை, முதுகில் அம்மா காப்பிக்கலர்த் துணி வைத்து ஒட்டுப் போட்ட அந்தக் கோட்டை, எடுத்துக்கொண்டு போய் மாட்டிக்கொண்டு, ஆட்டுக்குட்டியை விரட்டித் தண்ணீரில் விழுகிற ஒரு கோமாளி உபதேசியாராக நடித்தீர்கள். மறு வருஷம் படம் வந்தது. நான் படித்த டீச்சர் டிரெயினிங் பள்ளியில், "ஒங்கப்பா கோட்டு படத்துல ஓடுதுட்டீ" என்று கைதட்டிச் சிரித்தார்கள்.

உபதேசியாராக இருந்த அப்பா அந்த வருஷம் குருப்பட்டம் பெற்றுக் குருவானவர் ஆகியிருக்க வேண்டியது. பெயர்ப் பட்டியல்கூடத் தயாராகிவிட்டது. மகனை அடக்கத் தெரியாதவருக்குக் குருப்பட்டம் எதற்கு என்று சபைகளை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் நிறுத்தினார்கள். கமிட்டி முன்னால் நின்று "நான்தான் நடிச்சேன்" என்று ஒத்துக்கொண்டதும் நீங்கள்தான். அப்பாவைத் தேரிக்காட்டுப் பக்கம் ஒரு சபைக்கு மாற்றினார்கள். எனக்கு நிச்சயம் பண்ண இருந்த குருவானவர் வீட்டுச் சம்பந்தம் நின்றது. ஆறு வருஷம் கழித்து, முதல் தாரம் இழந்தவருக்கு வாழ்க்கைப்பட்டேன். நீங்கள் கடற்கரைக்குப் போய் ஐஸ் கம்பெனியில் வேலை, ஆர்.சி. கோயிலில் கல்யாணம் என்று சுகமாக இருந்துகொண்டீர்கள்.

அப்பா கடைசிவரை உபதேசியாராகவே இருந்து போனார். 'அருள்திரு' என்று வெட்டச் சொல்ல முடியாமல் 'உபதேசியார்' என்று சொல்லும்போது, கல் வெட்டுகிறவர் முன்னாலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குக் காரணமானவரின் பெயரையும் அதே கல்லில் வெட்ட வேண்டும் என்கிறீர்கள். முடியாது.

யூனிஸ்


உவரி
2 ஏப்ரல் 2025

யூனிஸுக்கு,

பாடம் நன்றாக இருந்தது டீச்சர். ஒரு சந்தேகம். அந்தப் படத்தை நீ பார்த்திருக்கிறாயா?

பார்த்திருக்க மாட்டாய். நம் வீட்டில் யாரும் சினிமாக் கொட்டகைப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை. அதனால் இத்தோடு படத்தையே அனுப்பியிருக்கிறேன். தச்சநல்லூரில் முன்னே வீடியோ கேசட் கடை வைத்திருந்தாரே காசிலிங்கம் அண்ணாச்சி, அவர் இப்போது வீட்டில் உட்கார்ந்துகொண்டு பழைய கேசட்டுகளை எல்லாம் டிவிடியில் ஏற்றிக் கொடுக்கிறார். 'ரெட்டைத் தாசில்தார்' இருக்கிறதா என்று கேட்டதும், "அந்தப் படத்தைக் கேட்டு வந்த மொத ஆளு நீருதான் வே" என்று பரணில் ஏறித் தேடி எடுத்தார். பூஞ்சை பிடித்திருந்தது. துடைத்து, காய வைத்து, ரெண்டு நாள் எடுத்துப் பண்ணிக் கொடுத்தார்.

படம் சுமார்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஊருக்கு ரெண்டு தாசில்தார் வந்து இறங்குகிறார்கள், எவர் அசல் எவர் போலி என்று கடைசிவரை அடித்துக்கொள்கிறார்கள். முதல் அரை மணி நேரம் கொட்டாவி. கதாநாயகனுக்குத் தொப்பை. பாட்டு வரும்போது எழுந்து போய்க் காபி போட்டுக்கொள். ஆனால் பார்.

ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்று எழுத முடியாது. அப்பாவுக்கு ஒரு சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லக் கூடாது என்பது சத்தியம். காட்டக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நாற்பது வருஷம் பிடித்திருக்கிறது. என்னை மக்கு என்று நீ சொல்வது சரிதான்.

பார்த்துவிட்டுக் கல்லைப் பற்றிப் பேசலாம்.

ஜெபஸ்டின்


பாளையங்கோட்டை
9 ஏப்ரல் 2025

திரு. ஜெபஸ்டின் அவர்களுக்கு,

உங்கள் பார்சல் வந்த நேரம் எங்கள் சபை உபதேசியாரும் அவர் மனைவியும் ஜெபம் பண்ண வந்து உட்கார்ந்திருந்தார்கள். நினைவுக் கல்லைப் பற்றி ஏதோ வந்திருக்கிறது என்று நினைத்து அவர்கள் முன்னாலேயே பிரித்தேன். நனைந்த சேலையில் ஒரு பெண் படம் போட்ட அட்டை கையோடு வந்தது. அவர்கள் இருவரும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

டிவிடியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். போட்டுப் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். அப்பாவைக் கொன்ற கூத்தை அவர் மகளையே உட்கார வைத்து ரசிக்கச் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை. நாற்பது வருஷத்துக்குப் பிறகும், நான் எவ்வளவு நன்றாக நடித்திருக்கிறேன் பார் என்று காட்ட வேண்டுமா?

அப்பாவின் மேல் சத்தியம் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அவர் பெயரை இழுக்காதீர்கள். தேரிக்காட்டில் அவர் சைக்கிள் உருளாத செம்மணலில் நடந்து நடந்து கால் வீங்கிக் கிடந்தபோது, வெந்நீர் ஒற்றடம் கொடுத்தவள் நான். நீங்கள் மாசத்துக்கு ஒரு தடவை பையில் மீன் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போவீர்கள்.

கல் மே மாதம் பத்தாம் தேதிக்குள் தயாராகிவிடும். ஒரு பெயர்தான். அசனத்துக்கு நீங்கள் வராமல் இருந்தால் நல்லது. வந்தால் நான் எழுந்து போய்விடுவேன், சபையார் முன்னால் அது வேண்டாம்.

யூனிஸ்


உவரி
16 ஏப்ரல் 2025

யூனிஸ்,

டிவிடியை மறுபடி அனுப்புகிறேன். இந்தத் தடவை அட்டை இல்லை. உன் மதினி இஞ்ஞாசியம்மாள் ஜெபமாலை வாங்கின வெள்ளை உறையில் போட்டுக் கொடுத்தாள். உன் வீட்டுக்கு யார் வந்து உட்கார்ந்திருந்தாலும் பயமில்லை.

உனக்கு இருக்கிற இந்தக் கெட்ட குணம் உன் குணம் மட்டும் இல்லை, நம் ஊர்க் கமிட்டியின் குணம். ஏழு பேர் உட்கார்ந்து என்னை விசாரித்தார்கள். ஏழு பேரில் ஒருத்தரும் படத்தைப் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னால் சொன்னவருக்கே நற்கருணை கிடையாது. பார்ப்பது பாவம், பார்க்காமல் தண்டிப்பது பாவம் இல்லை. ஒருத்தர், ஒரே ஒருத்தர், துண்டை முகத்தில் போட்டுக்கொண்டாவது திருநெல்வேலிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தால் அன்றைக்கே பேச்சு வேறாகியிருக்கும். "கோட்டு யாருது? உபதேசியாருது. எடுத்தது யாரு? வீட்ல இருக்க பையன்தான்." அவ்வளவுதான் விசாரணை. நான் தலையை ஆட்டினேன், எல்லாரும் எழுந்து ஜெபம் பண்ணினார்கள்.

அந்த ஏழு பேர்மேல்கூட எனக்குக் கோபம் கிடையாது. மொட்டைக் கடுதாசி போட்டானே ஒருத்தன், அவன்மேல்தான். அது வரும்வரை கமிட்டிக்கு விஷயமே தெரியாது. அப்பாவுக்கு அடுத்தபடியாகக் குருப்பட்டத்துக்குக் காத்திருந்த பாக்கியசீலன் உபதேசியார்தான் போட்டிருப்பார் என்று எனக்கு நிச்சயம். அவர் சாவுக்கு நான் போகவில்லை. அவர் மகன் என்னைத் தேடி வந்து சொல்லியும் போகவில்லை. எழுதின கை எதுவானாலும் அது அழுகட்டும் என்று வேண்டிக்கொண்டவன் நான். இப்போதும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

படத்தில் ஒரு மணி பதினோராவது நிமிஷம். அங்கிருந்து மூன்றே நிமிஷம். மகள் ரீபாவையும் பேரப் பிள்ளைகளையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பார். பார்த்த பிறகும் என் பெயர் வேண்டாம் என்று தோன்றினால் வெட்டாதே. நான் அப்புறம் உன் வாசலுக்கும் வர மாட்டேன், கடிதமும் போட மாட்டேன். உனக்கு அதுவே லாபம்தானே.

ஜெபஸ்டின்


பாளையங்கோட்டை
4 மே 2025

அண்ணன்,

பார்த்தேன்.

ரீபா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தாள். பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளிப் பாட்டுப் போடுகிற பெட்டியில்தான் போட்டேன். நீங்கள் சொன்ன நிமிஷத்துக்கு நேராகப் போகத் தெரியவில்லை, முதலில் இருந்து உட்கார்ந்தேன். ரெண்டு தாசில்தாரும் ஒரு ஜீப்புக்காகச் சண்டை போட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். வீட்டில் ஒருத்தரும் இல்லை, யாருக்குப் பயந்து பொத்தினேன் என்று தெரியவில்லை.

அப்புறம் வாழைத்தோப்பு வழியாக உபதேசியார் வந்தார். ஒட்டுத்தாடி, பெரிய கண்ணாடி, தலையில் தொப்பி. அந்தக் கோட்டு. குடையை வலது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாய்க்கால் வரப்பில் இறங்கும் முன்னால் இடது செருப்பை ரெண்டு தடவை உதறினார். அண்ணன், நீங்கள் அப்படி உதற மாட்டீர்கள். உலகத்தில் ஒரே ஒருத்தர்தான் கோயில் படி ஏறினாலும் பஸ் ஏறினாலும் அப்படி இடது காலை ரெண்டு தடவை உதறுவார்.

பிரசங்கத் தாளை ஆடு தின்கிறது, அவர் விரட்டுகிறார், தண்ணீரில் விழுகிறார். இடுப்பளவு தண்ணீரில் எழுந்து நின்று கையால் வாயை மறைத்துச் சிரிக்கிறார். மேல்பல் ரெண்டு விழுந்த பிறகு அப்பா அப்படித்தான் சிரிப்பார். அது நடிப்பு இல்லை. அம்மா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஆட்டைப் பார்த்துச் சிரித்திருக்கிறார், கேமராக்காரர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறார், ஒரு தாலுகாவே பார்க்கச் சிரித்திருக்கிறார், என்னிடம் சிரிக்கவில்லை. நாலு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

உங்கள்மேல் எனக்கு வருகிற ஆத்திரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாற்பது வருஷம் என்னை உங்களைத் திட்ட விட்டு, உள்ளுக்குள் நல்லவராக இருந்துகொண்டீர்கள். கேட்டைத் திறக்காத பாவம் எனக்கு, பொறுத்துப் போன புண்ணியம் உங்களுக்கு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், "நான் இல்லட்டீ" என்று சொல்லியிருந்தால் போதாதா?

இனி எழுதுவதை மூன்று தடவை கிழித்துப் போட்டேன். நாலாவது தடவை கிழிக்க மாட்டேன்.

மொட்டைக் கடுதாசி போட்டது பாக்கியசீலன் உபதேசியார் இல்லை. நான்.

டிரெயினிங் பள்ளியில் பிள்ளைகள் சிரித்த அன்றைக்கே எழுதினேன். உபதேசியார் மகன் ஜெபஸ்டின் தகப்பனார் கோட்டைப் போட்டுக்கொண்டு சினிமாவில் கூத்தடித்திருக்கிறான், சபை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று. யார் கை என்று தெரியக் கூடாது என்பதற்காக அச்செழுத்து மாதிரித் தனித்தனியாக எழுதி, திருநெல்வேலி ஜங்ஷன் தபால் பெட்டியில் போட்டேன். உங்களைச் சபையை விட்டு நீக்கிவிட்டால் கறை உங்களோடு போய்விடும், அப்பாவும் நானும் சுத்தமாக நிற்போம், என் சம்பந்தமும் நடக்கும் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வயதில் எனக்கு அவ்வளவுதான் புத்தி. அது அப்பாவின் கழுத்தில் போய் விழும் என்று நான் நினைக்கவே இல்லை. விழுந்த பிறகு, நான் எழுதினது உண்மைதானே, நடித்தது இவர்தானே, பழி இவருடையதுதானே என்று உங்களைத் திட்டித் திட்டியே காலத்தைத் தள்ளிவிட்டேன். இப்போது அதுவும் போய்விட்டது. நான் எழுதினது பொய். நடித்தது அப்பா. காட்டிக் கொடுத்தது நான்.

கல் வெட்டுகிறவரிடம் போய் நிறுத்தச் சொல்லி, "பிள்ளைகள் ஜெபஸ்டின், யூனிஸ்" என்று மாற்றிக் கொடுத்துவிட்டேன். உங்கள் பெயர் முதலில். அசனத்துக்கு மதினியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. வாருங்கள்.

யூனிஸ்


உவரி
13 மே 2025

யூனிஸ்,

உன் கடிதத்தை இஞ்ஞாசியம்மாளிடம் வாசிக்கக் கொடுக்கவில்லை. ஊரார் எழுதின மொட்டைக் கடுதாசி என்றால் அவளிடம் சொல்லியிருப்பேன். இதைச் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன். அப்பாவுக்குக் கொடுத்த சத்தியம் இனிமேல் எதற்கு?

படப்பிடிப்பு இடத்துக்கு அப்பா வந்தது என்னைத் திட்டி வீட்டுக்கு இழுத்துப் போகத்தான். உபதேசியாராக நடிக்க வேண்டியவனுக்குக் காய்ச்சல். டைரக்டர் அப்பாவின் கோட்டையும் குடையையும் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா முடியாது முடியாது என்றார். அப்புறம் தாடியை ஒட்டிவிடச் சொல்லி முகத்தைக் காட்டினார். தண்ணீரில் அவர் சிரித்ததை நான் கரையில் நின்று பார்த்தேன். எனக்கும் அப்போதுதான் வீட்டில் ஒரு விளக்கு எரிகிற மாதிரி இருந்தது.

கடுதாசி வந்திருக்கிறது, விசாரிக்க வேண்டும் என்று சேகரத் தலைவர் ஆள் அனுப்பின அன்று காலையில் அப்பா அதே கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். "பயப்படாதலே, நடிச்சது நாந்தான்னு நானே போய்ச் சொல்லிருதேன்" என்றார். வீட்டை விட்டுப் போகும்போது அவர் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. தலைவர் வீட்டில் அந்தக் கடுதாசியை அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வந்தவர் வேறு ஆளாக வந்தார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"ஏலே, நீதான் நடிச்சேன்னு சொல்லிரு. நாந்தான்னு யூனிஸுக்கு மட்டும் தெரியவே கூடாது. அவ தாங்க மாட்டா. சத்தியம் பண்ணு."

மகள் முன்னால் கூச்சப்படுகிறார் என்று நினைத்துச் சத்தியம் பண்ணினேன். நாற்பது வருஷமும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன வியாழக்கிழமை உன் கடிதம் வரும்வரை.

உனக்குக் கையைப் பிடித்து அரிச்சுவடி எழுதச் சொல்லிக் கொடுத்தவர் அவர். நீ அச்செழுத்தில் எழுதினாலும் காலால் எழுதினாலும் அவருக்குத் தெரியாதா? தெரிந்திருக்கிறது. தகப்பனையே காட்டிக் கொடுத்துவிட்டோம் என்று நீ செத்துப் போவாய் என்று பயந்திருக்கிறார். உன்னைக் காப்பாற்ற வேண்டும். காப்பாற்றுவதற்கு அவர் கையில் நான்தான் இருந்தேன். எடுத்துக் கொடுத்துவிட்டார். இருபத்தாறு வயதில் நானும் ஏதோ அப்பாவுக்காகச் செய்கிறோம் என்று பெருமையாகப் போய் நின்றேன். அப்பாவுக்காக இல்லை. உனக்காக. ரெண்டு பிள்ளைகளில் அவர் உன்னைத்தான் எடுத்துக்கொண்டார்.

நேற்று பாக்கியசீலன் உபதேசியார் கல்லறைக்குப் போய் நின்றேன். அவர் மகனைப் பார்க்கப் போகவில்லை, போய் என்ன சொல்வது?

என் பெயரைக் கல்லில் இருந்து எடுத்துவிடு. வெட்டியாகிவிட்டது என்றால் சிமெண்டு வைத்துப் பூசு. அதைக் கேட்டுக் கெஞ்சினவன் நான்தான், இப்போது வேண்டாம் என்கிறேன். அவருக்கு ஒரே பிள்ளை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் படிக்கட்டும். அதுதான் உண்மைக்குக் கிட்ட வருகிறது.

அசனத்துக்கு வருவேன். அவர் பெயரைச் சொல்லிப் போடுகிற சோறு, அதைச் சாப்பிடாமல் இருக்க என்னால் முடியாது. குடும்பத்தாரோடு முன்னால் நிற்க மாட்டேன். பந்தியில் ஊராரோடு தரையில் உட்காருவேன். வாளியைத் தூக்கிக்கொண்டு விளம்புகிறவர்களோடு நீயும் வருவாய். என்னிடம் வரும்போது நிற்காதே, பேசாதே, என் இலையைத் தாண்டி அடுத்த இலைக்குப் போ.

ஜெபஸ்டின்